பெண்ணம்மா சிஸ்டரின் குணுக்கு

தேக்குமலை தாலுகா ஆசுபத்திரியின் ஆண்கள் வார்டில் கடவுளுக்குப் பயப்படாதவர்கள்கூட ஆறு மணிக்குப் பயப்படுவார்கள். ஆறானதும் வாசலில் தொங்கும் பித்தளை மணியைப் பெண்ணம்மா சிஸ்டர் அடிப்பாள். அடித்த கையோடு கட்டில் கட்டிலாக வருவாள். பாதி உரித்த ஆரஞ்சு, பாதி சொன்ன குடும்பச் சண்டை, பாதி அழுத அழுகை எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் போட்டுவிட்டுப் பார்க்க வந்தவர்கள் எழுந்து போக வேண்டியதுதான். ஒருமுறை தொகுதி எம்.எல்.ஏ. ஒருவரே, "ஒரு நிமிஷம் சிஸ்டரே, ஒரே ஒரு போட்டோ" என்று கெஞ்சியிருக்கிறார். "அடுத்த தேர்தலுக்கு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவளுடைய கணவன் ஸ்கரியா, பெரிய பள்ளி என்கிற மாதா கோயிலின் கப்பியார். ஊருக்கே மணியடிக்கிறவர். அவரே குடலிறக்கத்துக்குப் படுத்திருந்த தம்பிக்கு மத்திக் குழம்பு கொண்டுவந்து, தூக்கைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட, குழம்போடு திரும்பி நடந்தார். "என் மணிக்கு ஜனங்க உள்ளே வர்றாங்க, உன் மணிக்கு வெளியே ஓடறாங்க" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள்.

இத்தனை கறாரான பெண்ணம்மாவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சீட்டு.

ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள். ரப்பர் மலைச் சரிவில் தனி வீடு. ஆடி மழையில் பால் வெட்டு நின்றுபோனால் அந்த வீட்டில் வேறு வேலை கிடையாது. இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். ஐந்து அண்ணன்களில் ஒருவன் குருமடத்துக்குப் போய்விட்டான், இன்னொருவன் எந்நேரமும் தூங்குவான். எழுத்து கூட்டும் முன்பே பெண்ணம்மா துருப்பு அறிந்தாள். குலான் என்கிற ஜாக்தான் ராஜாவுக்கும் மேலே, அடுத்தது ஒன்பது, பிறகு ஆசு, பத்து. ராஜாவும் ராணியும் சும்மா அலங்காரத்துக்கு. இந்த ஏற்பாடுதான் உலகத்தின் இயல்பு என்றே அவள் வெகுநாள் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ராஜாக்களின் பாடம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தோற்றவர் காதில் குணுக்கு. அதுதான் ஆட்டத்தின் முழு ருசி. உதிர்ந்த தென்னங்குரும்பையில் ஈர்க்குச்சி குத்தி, வளைத்து, இரண்டு காதிலும் தொங்கவிட வேண்டும். அடுத்த ஆட்டம் ஜெயிக்கும்வரை கழற்றக் கூடாது. யார் வந்தாலும் கழற்றக் கூடாது. பெண்ணம்மாவைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய அப்பா இரண்டு காதிலும் குரும்பையோடுதான் எழுந்து நின்று வரவேற்றார். கப்பியார் வீட்டார் அதை ஏதோ குல வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நர்சிங் படித்தாள். கூடப் படித்தவர்களோடு ஜெர்மனிக்குப் போனாள். அங்கேயும் கிழவர்கள் சீட்டாடத்தான் செய்தார்கள். ஆனால் தோற்றால் காசை வைத்துவிட்டுக் கைகுலுக்கிப் போனார்கள். ஒருவர்கூடக் காதைக் காட்டவில்லை. இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம் குளிர் என்றாள்.

அரசாங்க வேலை கிடைத்து, ஊர் ஊராக மாறி, கடைசியில் தேக்குமலை ஆண்கள் வார்டில் தலைமை நர்ஸாக அமர்ந்தாள். அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் வார்டில் அப்படியொரு கூட்டணி கூடியது.

ஜன்னல் ஓரக் கட்டிலில் ஹம்ஸா. மீன்காரன். குறுக்கே வந்த ஆட்டைக் காப்பாற்றப் போய் மீன் வண்டியோடு மைல்கல்லில் மோதி, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு கிடந்தான். ஆட்டின் சொந்தக்காரன் இன்றுவரை வந்து பார்க்கவில்லை என்பது அவனுடைய நிரந்தரக் குறை. அவனுக்கு எதிர்க் கட்டிலில் ஔதா சேட்டன். ரப்பர் வெட்டுகிறவர். காலில் ஆறாத புண். ஜெபமாலையும் பீடியும் ஒரே மடியில் வைத்திருப்பார். பிறகு ஒருநாள் குடலிறக்க அறுவைக்கு வந்து சேர்ந்தார் ஓய்வுபெற்ற தாசில்தார் நீலகண்ட பிள்ளை. இரண்டு பக்கமும் இறக்கம். ஒரு பக்கம் இப்போது, மறுபக்கம் ஒரு மாதம் கழித்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்த அன்றே கஞ்சியில் உப்பில்லை, மின்விசிறியில் காற்றில்லை, நர்ஸ்களுக்கு மரியாதை இல்லை என்று மூன்று புகார் சொன்னார்.

"உங்களுக்கு இருபத்தெட்டு தெரியுமா சாரே?" என்று பெண்ணம்மா கேட்டாள்.

பிள்ளை முதல்முறையாகப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். "தெரியுமாவா? மூணு தாலுகாவில நான் குணுக்குப் போடாத காது கிடையாது."

மத்தியானம் மருந்தெல்லாம் கொடுத்து முடித்து, டாக்டரும் சாப்பிடப் போன பிறகு, ஹம்ஸாவின் கட்டில்தான் களம். அவனால் நகர முடியாது என்பதால் மற்ற மூவரும் அவனைச் சுற்றி. பிள்ளைக்கு ஹம்ஸா கூட்டு. பெண்ணம்மாவுக்கு ஔதா சேட்டன். சிஸ்டர் உட்கார மாட்டாள். நின்றபடி, வெள்ளை உடுப்பின் பையில் சீட்டை வைத்துக்கொண்டு, இடையிடையே போய் ஒருவருக்குப் பாட்டில் மாற்றிவிட்டு வந்து ஆடுவாள். குரும்பைக்கு ஆசுபத்திரியில் எங்கே போவது? ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியைக் கட்டுத்துணி நூலில் கோர்த்துக் குணுக்கு செய்தாள். பார்க்க அழகாகவே இருக்கும்.

பிள்ளை சட்டம் போட்டார். குணுக்கை அவிழ்க்க யாருக்கும் சலுகை இல்லை. ஆட்டத்தின் நடுவில் எழுந்து போனால் அதுவும் தோல்விதான். "ரெவின்யூ ஆபீஸ்ல இருந்தே எனக்கு ரூல்னா ரூல்" என்றார். அந்தச் சட்டத்துக்கு முதல் பலி ஹம்ஸா. நல்ல கையோடு இருந்தவனை எக்ஸ்ரேக்குத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். கூட்டாளி என்றும் பாராமல் பிள்ளை அவன் காதில் குணுக்கை மாட்டி அனுப்பினார், தானும் ஒரு சோடி மாட்டிக்கொண்டார். எக்ஸ்ரே எடுக்கிறவர், "இது எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டாராம்.

ஆனால் நாள் போகப் போகப் பிள்ளையின் காதுகளே வார்டில் அதிகமாக ஆடின. பெண்ணம்மாவும் ஔதாவும் தோற்பதே அபூர்வம். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாற்போல ஏலம் கேட்டார்கள். ஔதா சேட்டனோ ஆட்டத்தில் புத்திசாலி என்று பெயரெடுத்தவர் அல்ல. பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று.

இந்த நிலைமையில்தான் மின்விசிறி வந்தது. ரப்பர் வியாபாரிகள் சங்கம் வார்டுக்குப் புது மின்விசிறிகள் கொடுத்தது. சங்கத் தலைவர் சுவிட்சைப் போட, பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார்கள், ஆட்டம் முடிந்திருக்கவில்லை. மறுநாள் மாவட்டப் பக்கத்தில் படம் வந்தது. முன்னால் சிரித்தபடி தலைவர். பின்னால், தலைவரைவிடத் தெளிவாக, இரண்டு காதிலும் ரப்பர் மூடி தொங்க, தூக்கிலிடப் போகிறவர் முகத்தோடு ஓய்வுபெற்ற தாசில்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கையில் தெர்மாமீட்டரும் இன்னொரு கையில் எட்டுச் சீட்டுமாகத் தலைமை நர்ஸ்.

பள்ளியில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் விகாரியச்சன் ஸ்கரியாவைக் கூப்பிட்டுப் பத்திரிகையைக் காட்டினார். ஸ்கரியா வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஃபேன் நல்லாயிருக்கு அச்சனே" என்றார்.

பிள்ளையின் மகன் எர்ணாகுளத்தில் வக்கீல். முன்பு ஒருநாள் அப்பாவைப் பார்க்க வந்து, ஆறு மணிக்குப் பெண்ணம்மாவால் வெளியேற்றப்பட்டவர். கோட்டுப் போட்டிருந்தும் வெளியேற்றப்பட்டவர். படத்தைப் பார்த்ததும் நான்கு பக்கத்துக்கு ஒரு புகார் தட்டினார். ஒரு வாரத்தில் பெண்ணம்மாவின் கைக்கு மெமோ வந்தது. பணி நேரத்தில் உடுப்போடு சீட்டாடியது ஒன்று. நோயாளியைக் காதில் பொருள் தொங்கவிட்டு அவமானப்படுத்தியது இரண்டு. அரசாங்கக் கட்டுத்துணி நூலைக் காதணி செய்யப் பயன்படுத்தியது மூன்று. விசாரணை முடியும்வரை வார்டுக்குள் வேலை செய்யக் கூடாது. பஞ்சு அறையில் உட்கார்ந்து துணி மடிக்க வேண்டும்.

வார்டு அவளிடம் பயின்ற ஷீபாவின் கைக்குப் போனது. தினமும் ஆறு மணிக்குப் பஞ்சு அறையில் துணி மடிக்கும் பெண்ணம்மாவின் கை நின்றுவிடும். மணிச் சத்தம் வரும்வரை மூச்சு விட மாட்டாள். ஒருநாள் கொஞ்சம் பிந்தியது. மறுநாள் காலை கழிப்பறைக்குப் போகிற வழியில் ஷீபாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து என்னடீ, மணி தூங்கிடுச்சா?"

"ஒரு வயசான அம்மா, சிஸ்டரே. மகனைப் பார்த்து அழுதுக்கிட்டிருந்தாங்க. பாவமா இருந்துச்சு."

"மோளே, உள்ளே படுத்திருக்கிறவனுக்கு அந்த அழுகை போதும் போதும்னு எப்பவோ ஆயிருக்கும். அவனால சொல்ல முடியாது. அவனுக்காகத்தான் நாம அடிக்கிறோம். ஆருன்னு பார்க்காதே. நானே நின்னாலும் விரட்டு."

ஷீபா தலையாட்டினாள்.

விசாரணைக்கு மாவட்ட நர்சிங் அதிகாரி ஸுலேகா பீவி வந்தார். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட புடவை. நகைச்சுவை என்பது அவருக்கு ஒத்துக்கொள்ளாத உணவுபோல. எதையும் முதல் எழுத்திலிருந்து கேட்பார். அதற்குள் ஒரு மாதம் ஓடியிருந்தது. பிள்ளை மறுபக்க இறக்கத்துக்காகத் திரும்ப வந்து, அறுவை முடிந்து படுத்திருந்தார். மகன் எர்ணாகுளத்தில் பெரிய ஆசுபத்திரியில் இடம் பிடித்து வைத்திருந்தும், "எனக்கு இங்க ஒரு கணக்கு பாக்கியிருக்கு" என்று பிடிவாதமாகத் தேக்குமலைக்கே வந்திருந்தார். அதைக் கேட்டு வார்டே நடுங்கியது. கிழவர் பெண்ணம்மாவின் சீட்டைக் கிழிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

சாட்சிகள் எழுந்து வர முடியாதவர்கள். ஆகவே அதிகாரியே வார்டுக்கு வந்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. பெண்ணம்மா கைகட்டிச் சுவரோரம் நின்றாள். வெள்ளை உடுப்பு இல்லாமல் சாதாரணப் புடவையில் அவளைப் பார்க்க, வேறு யாரோபோல இருந்தது.

தொடங்கும் முன் ஸுலேகா பீவி அவளிடம் திரும்பினார். "பெண்ணம்மா, தெளிவா சொல்லிடறேன். மெமோவில இருக்கிற மூணுக்கும் தண்டனை இங்கேயே முடிஞ்சிடும். கண்டிப்பு, இன்கிரிமென்ட், அவ்வளவுதான். ஆனா விசாரணையில நோயாளியோட உடம்புக்குக் கெடுதல்னு ஒரு வார்த்தை வந்தா ஃபைல் நர்சிங் கவுன்சிலுக்குப் போகும். பேரை வெட்டிடுவாங்க. அப்புறம் எந்த ஊர்லயும் நீங்க நர்ஸ் இல்ல."

"தெரியும் மேடம்."

சிஸ்டரைக் காப்பாற்றியே தீருவது என்று ஹம்ஸாவும் ஔதாவும் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் இல்லை என்பதே திட்டம்.

"ஹம்ஸா, உங்க கட்டில்லதான் சீட்டாட்டம் நடந்ததா?"

"சீட்டா? எங்க வாப்பா சத்தியமா சீட்டு எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாது மேடம். வட்டமா இருக்குமா?"

"பத்திரிகையில படமே வந்திருக்கே."

"எனக்கு மயக்கம். ஒண்ணும் நினைவில்ல."

"உங்களுக்குக் கால்லதானே அடி?"

"வலி தலைக்கு ஏறிடுச்சு மேடம்."

இத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் மாவுக்கட்டுக்குள் அரிப்பு எடுத்தது. ஒரு மாதமாக அரிக்கிற அரிப்பு. சோதனை வருகிறது என்றதும் சீட்டுக்கட்டு முழுவதையும் அவன் அந்த மாவுக்கட்டுக்குள்தான், தொடையோரம், செருகி வைத்திருந்தான். உலகத்தில் எந்த அதிகாரியும் கை விட்டுத் தேடத் துணியாத இடம். அரிப்பு தாங்காமல் பழக்க தோஷத்தில் கையை உள்ளே விட்டு, ஒரு சீட்டை உருவி, அதாலேயே சொறிய ஆரம்பித்தான். இரண்டு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் வார்டு அமைதியாக இருப்பது அவனுக்கு உறைத்தது. கையில் இஸ்பேடு ஆசு.

"வட்டமா இல்ல, பாருங்க" என்றார் ஸுலேகா பீவி. குமாஸ்தா எழுதிக்கொண்டார். சீட்டைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கி ஃபைலில் குத்தினார்.

அடுத்தது ஔதா சேட்டன். ஹம்ஸாவின் கதியைப் பார்த்து அவர் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எனக்கு அன்னிக்குக் காய்ச்சல் மேடம். நூத்திரெண்டு. பேச்சு மூச்சில்லாம கிடந்தேன். சிஸ்டரே சத்தமா சொன்னாங்களே, ஔதா சேட்டா நூத்திரெண்டுன்னு. கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும்."

ஸுலேகா பீவியின் பேனா நின்றது. "நூத்திரெண்டா? கால் புண்ணோட நூத்திரெண்டா? டாக்டருக்குச் சொன்னாங்களா?"

"இல்லையே."

"என்ன மருந்து கொடுத்தாங்க?"

"மருந்தா? அந்தக் காய்ச்சலுக்கு மருந்தெல்லாம் கிடையாது மேடம்" என்றார் ஔதா, உதவி செய்கிற திருப்தியோடு. "அது அடிக்கடி வரும். ஒருநாள்ல நாலு தடவைகூட வந்திருக்கு."

அதிகாரி மெதுவாகப் பேனாவை மூடி வைத்தார். "அதாவது, புண்ணோட படுத்திருக்கிற நோயாளிக்கு நாலு தடவை நூத்திரெண்டு காய்ச்சல். தலைமை நர்ஸ் பார்த்திருக்காங்க. டாக்டருக்குச் சொல்லல. மாத்திரை கொடுக்கல. சீட்டாடியிருக்காங்க. பெண்ணம்மா, இது மெமோவில இல்லாதது. இதுதான் நான் சொன்ன வார்த்தை."

பெண்ணம்மா நினைத்தால் ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். காய்ச்சலே இல்லை, அது பொய் என்று சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வரியை நீலகண்ட பிள்ளையின் காது கேட்கச் சொல்ல வேண்டும். அந்தக் காதில் எத்தனை குணுக்கு தொங்கவிட்டிருக்கிறாள்! ஐந்து அண்ணன்களிடமும் ஒப்புக்கொள்ளாததை, பாவசங்கீர்த்தனக் கூட்டில் அச்சனிடம்கூடப் பெரிய பாவங்களுக்கு நடுவே வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவதை, இந்த மனிதர் முன்னால் எப்படிச் சொல்வாள்? நர்ஸ் பெயர் ஒருபக்கம். சீட்டுக்காரி பெயர் ஒருபக்கம். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கம்கெட்ட மனசு, இரண்டையும் எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பதில் சொல்லுங்க. காய்ச்சலைக் கவனிக்காம விட்டீங்களா?"

"காய்ச்சலா!" என்று மூலைக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வெடித்தது. பிள்ளை தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். "காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! கள்ளத்தனம் மேடம், சுத்தக் கள்ளத்தனம்! எழுதிக்கோங்க!"

"சார், உங்க முறை வரும். உங்களை அவமானப்படுத்தினது பத்தி…"

"என்ன அவமானம்? தோத்தவன் குணுக்குப் போடறது அவமானமா? முன்சீப் காதில போட்டிருக்கேன் நான். என் மகனுக்குச் சீட்டும் தெரியாது, சட்டமும் தெரியாது. எனக்கு அந்தப் புகாரே இல்ல. என் புகார் வேற." விரலைப் பெண்ணம்மாவை நோக்கி நீட்டினார். "இவங்க கூட்டாளிக்கு ஜாடை காட்டினாங்க. கையில குலானும் ஒன்பதும் இருந்தா, 'ஔதா சேட்டா, நூத்திரெண்டு'. கையில ஒண்ணுமில்லன்னா, 'பல்ஸ் ரொம்ப மெலிசா இருக்கு'. ஏலத்தை விட்டுடுன்னு சொல்ல, 'இன்னிக்குக் கஞ்சி மட்டும்'. துருப்பு இறக்கணும்னா, 'வயிறு போச்சா சேட்டா?' ஒரு மாசம் வீட்டில படுத்து யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்!"

ஹம்ஸா வாயைப் பிளந்தான். "அடப்பாவி சேட்டா! நான் உமக்கு வயிறு சரியில்லன்னு என் பங்குப் பழத்தையெல்லாம் கொடுத்தேனே!"

ஔதா சேட்டன் ஜெபமாலையை எடுத்து அதில் மும்முரமானார்.

ஸுலேகா பீவி கையை உயர்த்தினார். "அது காய்ச்சல் இல்ல, ஜாடைன்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க?"

"எப்படியா? இவங்க மாத்திரை கொடுக்கல, அதனாலதான்!" பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "மேடம், நானும் முப்பது வருஷம் கீழே ஆளுங்களை வெச்சு வேலை வாங்கினவன். இந்தப் பொம்பளை ஒரு மாத்திரையை மறந்து நான் பார்த்ததில்ல. எனக்கு இருமல் வந்தா எனக்கு முன்னாடி இவங்களுக்குத் தெரியும். கையில ஜெயிக்கிற சீட்டை வெச்சுக்கிட்டு, கடைசிக் கட்டில்ல ஒருத்தன் முனகினான்னு கவுத்துப் போட்டுட்டு ஓடினாங்க. அப்பேர்ப்பட்டவங்க நூத்திரெண்டு காய்ச்சல்காரனுக்கு ஒரு மாத்திரை கொடுக்காம நிப்பாங்களா? நிக்க மாட்டாங்க. அப்போ காய்ச்சல் பொய். காய்ச்சல் பொய்னா ஆட்டம் கள்ள ஆட்டம். நான் தோத்ததெல்லாம் தோல்வியே இல்ல! இதை எழுதிக்கோங்க முதல்ல!"

குமாஸ்தா எதை எழுதுவது என்று தெரியாமல் அதிகாரியைப் பார்த்தார்.

"பெண்ணம்மா, இவர் சொல்றது உண்மையா?"

இனி ஒளிய இடமில்லை. பெண்ணம்மா முதல்முறையாகச் சுவரை விட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கிழவரின் கண்கள் குழந்தையின் கண்கள்போல ஜொலித்தன.

"உண்மைதான் மேடம்" என்றாள். "கள்ள ஆட்டம்தான்."

"ஹா!" என்று பிள்ளை தலையணையில் சாய்ந்தார். இறக்கம், தையல், வயசு எல்லாம் ஒரு நொடியில் குணமானாற்போல இருந்தது முகம்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. கடுமையான கண்டிப்பு. ஒரு வருஷத்துக்கு இன்கிரிமென்ட் இல்லை. நூலுக்கும் ரப்பர் மூடிக்கும் விலை கட்ட வேண்டும். பணி நேரத்தில் வார்டுக்குள் சீட்டைத் தொடவே கூடாது. நோயாளிக்குக் கெடுதல் எதுவும் இல்லை, ஃபைல் இங்கேயே முடிக்கப்படுகிறது. பெண்ணம்மா அதை நான்கு தடவை படித்தாள். 'பணி நேரத்தில்' என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்றாள்.

விசாரணை நாளன்று நடந்த இன்னொன்றை ஃபைலில் சேர்க்கவில்லை. எல்லாம் முடிந்து ஜீப்பில் ஏறப் போன ஸுலேகா பீவி, குமாஸ்தாவை முன்னே அனுப்பிவிட்டுப் பெண்ணம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நூத்திரெண்டுனா குலானும் ஒன்பதும். அப்போ நூத்திமூணு?"

"குலான், ஒன்பது, ஆசு, பத்து நாலும் ஒரே ஜாதியில, மேடம். முதல்ல போடற நாலு சீட்டுலேயே."

"வந்திருக்கா?"

"நாப்பது வருஷமா ஆடறேன். வந்ததே இல்ல."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பெண்ணம்மா மறுபடி வெள்ளை உடுத்து வார்டுக்கு வந்தாள். பிள்ளை முகம் திருப்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரையை வாங்குவார், தண்ணீர் குடிப்பார், பேச மாட்டார். மூன்றாம் நாள் வாய் திறந்தார்.

"ஒழுங்கான ஆட்டம் ஒண்ணு ஆடாம நான் வீட்டுக்குப் போறதா இல்ல. தையல் பிரிச்சா வலிக்குதுன்னு கத்துவேன்."

"எனக்குத் தடை போட்டிருக்காங்க சாரே."

"பயமா?"

அவள் ஊசியைத் துடைத்துத் தட்டில் வைத்தாள்.

மறுநாள் அவளுக்குக் காலை முறை. இரண்டு மணிக்குப் பொறுப்பை ஷீபாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள். நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியதும், நீலப் பூப்போட்ட புடவை கட்டி, கையில் ஒரு பொட்டலம் ஆரஞ்சோடு, வெளிவாசல் வரிசையில் எல்லாரோடும் நின்று, வார்டுக்குள் நுழைந்தாள்.

ஷீபா பதறி எழுந்தாள். "சிஸ்டரே, எதையாவது மறந்துட்டீங்களா?"

"நோயாளியைப் பார்க்க வந்தேன். கூடாதா?"

ஆரஞ்சைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். அவர் தலையணைக்கு அடியிலிருந்து புதுக் கட்டு ஒன்றை எடுத்தார். இன்னொரு பொட்டலமும் எடுத்தார். உள்ளே நான்கு குரும்பையும் ஈர்க்குச்சியும். "வீட்டுத் தென்னையில இருந்து" என்றார். "அரசாங்க நூலைத் தொடக் கூடாது பாருங்க."

ஹம்ஸாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்தமுறை பெண்ணம்மாவும் ஸ்டூலில் உட்கார்ந்தாள், பார்வையாளர் உட்காரலாம். யாரும் யாருடைய உடம்பைப் பற்றியும் பேசக் கூடாது என்பது பிள்ளையின் புதுச் சட்டம். மூன்று ஆட்டம் முடிந்த பிறகே குணுக்கு என்பது இன்னொன்று. ஔதா சேட்டன் ஒருமுறை நிஜமாகவே இருமினார். அதற்கு ஐந்து நிமிஷம் விசாரணை நடந்தது. ஜாடை இல்லாத ஔதா, கண்ணைக் கட்டி ஆற்றில் விட்டவர்போல ஆடினார். ஒரு ஆட்டம் போனது. ஒன்றை எப்படியோ மீட்டாள். ஆளுக்கொன்று. கடைசி ஆட்டத்துக்கு ஹம்ஸா கலைத்துப் போட்டான்.

பெண்ணம்மா முதல் நான்கு சீட்டையும் எடுத்து மெல்லப் பிரித்தாள். குலான். ஒன்பது. ஆசு. நான்காவதை விரலால் தள்ளப் பயமாக இருந்தது. தள்ளினாள். பத்து. நான்கும் ஒரே ஜாதி, ஆர்ட்டின்.

மலைச் சரிவில் மழை பெய்த அத்தனை மாதங்களிலும், ஜெர்மனியின் பனியிலும், இந்த வார்டின் அத்தனை மத்தியானங்களிலும் வராதது, நீலப் பூப்போட்ட புடவையின் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள், ஏலம் கேட்க.

மணி அடித்தது.

வார்டு முழுக்க ஸ்டூல்கள் நகர்ந்தன. தூக்குகள் மூடின. ஷீபா அடித்த கையோடு கட்டில் கட்டிலாக வந்தாள். ஹம்ஸாவின் கட்டிலுக்கு முன்னால் வந்ததும் அவளுடைய கால் தயங்கியது. ஆனால் வாய் தயங்கவில்லை.

"நேரமாச்சு சிஸ்டரே. வெளியே."

"ஒரு கை மோளே" என்றார் ஔதா. "ஒரே ஒரு கை."

"ஆருன்னு பார்க்காதேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் ஷீபா. அழுதுவிடுவாள்போல இருந்தது.

பெண்ணம்மா சீட்டைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நடுவில எழுந்தா?" என்றார் பிள்ளை, பொட்டலத்தைப் பிரித்தபடியே.

"தோல்வி" என்றாள் பெண்ணம்மா. குனிந்து காதைக் காட்டினாள்.

பிள்ளை எத்தனையோ காலத்து அனுபவத்தோடு, நோகாமல், இரண்டு குரும்பையையும் மாட்டிவிட்டார். ஔதா சேட்டன் முனகிக்கொண்டே தன் பங்கை மாட்டிக்கொண்டார். அடுத்த ஆட்டம் ஜெயிக்கும்வரை கழற்றக் கூடாது. அவள் இனி பஸ்ஸில் ஏற வேண்டும். பள்ளிமுக்கில் இறங்க வேண்டும். சாயங்கால ஜெபத்துக்கு மணியடித்துக்கொண்டிருக்கும் ஸ்கரியாவைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டும்.

அவள் முகம் செக்கச் சிவந்து பளபளப்பதை ஷீபா அப்போதுதான் கவனித்தாள். "சிஸ்டரே, என்ன, உடம்பு சரியில்லையா? காய்ச்சலா?"

வாசல்வரை போன பெண்ணம்மா திரும்பினாள். குரும்பைகள் இரண்டும் கன்னத்தில் தட்டி நின்றன.

"நூத்திமூணு, மோளே."

அவள் வராந்தாவில் இறங்கி நடந்தாள். பின்னால், தையலையும் மறந்து நீலகண்ட பிள்ளை கவிழ்த்த சீட்டின் மேல் பாய்வதும், ஔதா சேட்டன் ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்வதும் கேட்டது.